வீட்டு யந்திர விளக்கம்: புது மடிக்கணினியும் கம்பியில்லாத் தொடர்பும்

சென்ற இதழில் மின்சாரக் கட்டணச் சீட்டைப் படித்துணரும் முறையினை எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் சரிபாதி மின்சாரத்தைப் பற்றியனவாக இல்லை. பிள்ளைகளுக்கென்று வாங்கிய மடிக்கணினியில் வை-ஃபை நிலைப்பதில்லை, புளூடூத் காதுக்கருவி இணைவதில்லை, கடைக்காரரிடம் கேட்டால் அவர் சொல்வது விளங்குவதில்லை என்பனவே அவற்றின் சாரம். ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

இது ஏதோ பொழுதுபோக்கு யந்திரத்தைப் பற்றிய பேச்சு என்று பெரியோர் எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பை இவ்வூரில் முடித்து, பொறியியல் கல்விக்குத் தமிழகம் செல்ல விழையும் பிள்ளைகள் நம்மிடையே உளர். ஒரு காலத்தில் தந்தையும் பிள்ளையும் ரயிலேறிச் சென்னை சென்று, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, கல்லூரியைத் தேர்ந்து திரும்பினர். 2018ஆம் ஆண்டு முதல் அக்கலந்தாய்வு இணைய வழியிலேயே நடைபெறுகிறது. விருப்பப் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதிந்து உறுதி செய்யாதவன், எத்தனை மதிப்பெண் பெற்றிருப்பினும், அச்சுற்றில் இடத்தை இழக்க நேரும். கடைசி நாளின் இரவில் திரையின் மூலையில் உள்ள விசிறி போன்ற சிறு அடையாளம் மறைந்துபோனால் அவ்வீட்டில் உண்டாகும் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலில் இவ்விரண்டும் யாவை என்பதைச் சுருங்கக் கூறிவிடுவோம். இரண்டும் வானொலி அலைகளே. 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் பலரும் காண மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செல்லச் செய்து, அப்பால் இருந்த மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினாரே, அந்த அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவையே இவையும். வை-ஃபை என்பது வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டியிலிருந்து கணினிக்கு இணையத்தைக் கொண்டுவருவது. புளூடூத் என்பது சில கஜ தூரத்துக்குள் காதுக்கருவி, மவுஸ், அச்சுப்பொறி முதலியவற்றைக் கணினியோடு பிணைப்பது. புளூடூத் தானே இணையத்தைக் கொண்டுவருவதன்று. இதனை அறியாமல், புளூடூத்தை இயக்கி வைத்துவிட்டு இணையம் வரவில்லையே என்று வருந்துவோர் பலர்.

புளூடூத் என்ற பெயரைக் கேட்டு, 'நீலப்பல்' என்றால் என்ன என்று ஓர் அம்மையார் கடிதத்தில் வினவியுள்ளார். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனுக்கு நீலப்பல்லன் என்ற பட்டப்பெயர் உண்டு. பிரிந்து கிடந்த கூட்டத்தாரை ஒன்றுபடுத்தியவன் அவன். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒன்றுபடுத்தும் இம்முறைக்கு 1990களின் பிற்பகுதியில் அவன் பெயரையே இட்டனர். திரையில் காணும் அந்த முடிச்சுப் போன்ற குறியும் அவன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பழைய வட ஐரோப்பிய லிபியில் பின்னியதேயாம்.

இனி, புது மடிக்கணினியை மேசைமேல் வைத்துத் திறப்போம். விண்டோஸ் 11 உள்ள கணினியையே இங்குக் கருத்திற்கொண்டு எழுதுகிறோம். நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது அதுவே. திரையின் அடியில் வலது மூலையில் வை-ஃபை, ஒலிபெருக்கி, மின்கலம் ஆகிய மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்கும். அவற்றின்மீது ஒருமுறை சொடுக்கினாலும், விண்டோஸ் விசையுடன் 'ஏ' என்னும் எழுத்தை அழுத்தினாலும் ஒரு சிறு பலகை எழும்பும். வை-ஃபை, புளூடூத், ஏர்பிளேன் மோடு என்று கட்டங்கள் அதில் இருக்கும். நிறம் ஏறியிருந்தால் இயங்குகிறது, வெளிறியிருந்தால் அணைந்திருக்கிறது. முழு விவரமும் வேண்டுவோர் விண்டோஸ் விசையுடன் 'ஐ' என்னும் எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அதில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்ற தலைப்பின்கீழ் வை-ஃபையும், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்ற தலைப்பின்கீழ் மற்றதும் உள்ளன.

இவற்றுள் ஏர்பிளேன் மோடு என்னும் கட்டமே பெருந்தொல்லை தருவது. விமானத்தில் அலைகளை நிறுத்துவதற்கென்று அமைந்த அது, வை-ஃபை, புளூடூத் இரண்டையும் ஒரே தட்டில் அணைத்துவிடும். பல கணினிகளில் இதற்கென விசைப்பலகையின் மேல்வரிசையிலேயே விமானப் படம் போட்ட விசை ஒன்று உண்டு. சிலவற்றில் தனியே அழுத்தினாலும், சிலவற்றில் 'எஃப்-என்' விசையோடு சேர்த்து அழுத்தினாலும் அது வேலை செய்யும். துணியால் தூசி துடைக்கும்போதோ, குழந்தை தட்டும்போதோ அது அழுந்திவிடுதல் எளிது. நம் சங்க உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில், வாங்கிய மூன்றாம் நாளே இணையம் நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டுசென்றார். உள்ளிருக்கும் அட்டை பழுது, மாற்ற வேண்டும் என்று கூறிப் பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்களாம். அவர் மகள், "கொஞ்சம் இருங்கப்பா, அந்த ஏரோப்ளேன் பொத்தானை அழுத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அழுத்தினார், அடையாளம் வந்துவிட்டது. மொழி தெரியாத ஊரில் கடைக்காரர் கூறுவதை வேதவாக்காகக் கொள்வதற்கு முன் அவ்வொரு விசையைப் பார்த்துக்கொள்வது பணத்துக்கு நல்லது.

வை-ஃபையின் பெயர்ப்பட்டியலைத் திறந்தால் நம் வீட்டுப் பெயரே இரண்டு முறை தோன்றுவதுண்டு. ஒன்றன் பின்னே '5ஜி' என்று இருக்கும். இது கைப்பேசிக் கம்பெனிகள் விளம்பரம் செய்யும் 5ஜி அன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் சுருக்கம். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். முன்னது வேகம் மிக்கது, ஆயினும் சுவருக்கு அஞ்சுவது. பின்னது வேகம் குறைந்தது, சுவர் கடந்து சற்றுத் தொலைவும் செல்வது. பழைய ரயில்வே குடியிருப்புகளின் தடித்த செங்கற் சுவர்களை நாம் அறிவோம். கூடத்தில் ரௌட்டர், பின்கட்டு அறையில் பிள்ளையின் மேசை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அங்குத் தள்ளாடும். அவ்விடத்தில் 2.4ஐத் தேர்ந்தெடுப்பதே முறை. ரௌட்டரின் அருகில் அமர்ந்து படிப்பவருக்கு 5 மேலானது. ரௌட்டரை இரும்புப் பீரோவின் பின்னாலும், டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவிலும் ஒளித்து வைப்போருக்கு இரண்டும் கைகொடா. இரும்பு அலைகளை மறித்துவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது பொதுச் சாலை. அண்டை வீட்டாரின் ரௌட்டர்கள், நம் புளூடூத் கருவிகள், கம்பியில்லா மவுஸ்கள் எல்லாம் அதிலேயே செல்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அதன் கதவிடுக்கில் கசியும் சிறிதளவு அலையே அருகிலுள்ள வை-ஃபையைக் குழப்பப் போதும். பால் சூடாகும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் பாடம் தடைப்படுகிறது என்றால் ரௌட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து அகற்றி வையுங்கள்.

வீட்டுக்கு இணையக் கம்பி வாங்காமல், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டே காலம் தள்ளும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. மாற்றல் எப்போது வருமோ என்றிருப்போர் ஓராண்டுச் சந்தா கட்டத் தயங்குவது இயல்பே. அவர்கள் தவறாது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புதுக் கணினி ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு இணைப்பையும் வேறுபடுத்தி அறியாது. இணையம் கிடைத்ததென்று மகிழ்ந்து, விண்டோஸின் புதுப்பிப்புகளையெல்லாம் இறக்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்று கணக்கிட்டு வாங்கிய தரவு காலைப் பலகாரத்துக்கு முன்பே கரைந்துபோகும். இதைத் தடுக்க, ஹாட்ஸ்பாட்டுடன் இணைந்தபின் செட்டிங்ஸில் வை-ஃபை பக்கம் சென்று, அவ்விணைப்பின் 'ப்ராப்பர்ட்டிஸ்' என்பதைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்ஷன்' என்ற பொத்தானை இயக்குக. அளந்து கொடுக்கும் நீர் இது என்று கணினிக்கு அறிவிப்பதாகும். பின்னர் அது பெரும்பாலான பதிவிறக்கங்களை ஒத்திவைக்கும். வாரத்தில் ஒருநாள், செலவாகாத தரவு மிஞ்சியிருக்கும் இரவில், அப்பொத்தானை அணைத்துப் புதுப்பிப்புகளை வரவிடுவதும் அவசியம். அவற்றை அடியோடு நிறுத்திவைப்பது கதவைத் தாழிடாமல் உறங்குவது போன்றது.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் கணினியின் பட்டியலில் தோன்றவே இல்லை என்று இரு அன்பர்கள் எழுதியுள்ளனர். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் பரப்ப, விலை குறைந்த கணினியோ பழைய கணினியோ 2.4ஐ மட்டும் கேட்கவல்லதாக இருப்பது இதற்குப் பெரும்பாலும் காரணம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றிவிட்டால் தோன்றிவிடும். ஐஃபோனில் இதற்கு 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று பெயர்.

கடவுச்சொல் இடாத வை-ஃபையை எவரும் வைத்திருக்கலாகாது. அயலூரில் வாழும் நமக்கு இது இருமடங்கு பொருந்தும். 2008ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னர் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது என்று புலனாய்வோர் தேடியபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றனர். அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் பூட்டாது விட்டிருந்த வை-ஃபையை வேறு எவரோ பயன்படுத்தியிருந்தனர். அவர் பட்ட விசாரணையும் அலைச்சலும் கொஞ்சமல்ல. உள்ளூர் மொழியில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசவியலாத குடும்பத்துக்கு அத்தகைய நிலை வாய்த்தால் என்னாகும்? அண்டை வீட்டுப் பிள்ளை கேட்கிறான், இல்லையென்று எப்படிச் சொல்வது என்பீராயின், கொடுங்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான ரௌட்டர்களில் விருந்தினர்க்கென்று வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் வைக்க இடம் உண்டு. அதனைப் பயன்படுத்துவது இன்னும் நாகரிகம்.

ரயில் நிலைய வை-ஃபையைப் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இவ்வசதி, இப்போது ரெயில்டெல் வாயிலாக 6,000க்கு மேற்பட்ட நிலையங்களில் உள்ளது. கைப்பேசி எண்ணைப் பதிந்து, வரும் இரகசிய எண்ணை இட்டால் இணைப்புக் கிடைக்கும். வண்டி தாமதமாகும் வேளையில் பெரும் உதவியே. எனினும் அங்குச் செய்தி படிப்பதோடும் வண்டி எங்கே வருகிறதென்று பார்ப்பதோடும் நிற்பது நலம். வங்கிக் காரியங்களுக்கு உங்கள் கைப்பேசித் தரவையே பயன்படுத்துங்கள். ஏனெனில் நிலையத்தின் பெயரையே தன் ஹாட்ஸ்பாட்டுக்கு இட்டு ஒருவன் அடுத்த பெஞ்சில் அமர்ந்திருப்பது ஆகாத காரியமன்று. அத்தகைய இடங்களில் இணையும்போது 'பப்ளிக் நெட்வொர்க்' என்பதையே தேர்க. அப்போது உங்கள் கணினி மற்றவர் கணினிகளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற குறியை நீக்கிவிடுக. வேலை முடிந்ததும் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பக்கத்தில் அப்பெயருக்கு எதிரே உள்ள 'ஃபர்கெட்' என்பதைத் தட்டுக. பணம் பறிபோனது என்று தெரிந்தால், எம்மாநிலத்தில் இருப்பினும், 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

புளூடூத்துக்கு வருவோம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் டோக்கன் குண்டு வழங்கும் முறையை நம் ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கிடையே வழங்கும் குண்டு, அவ்விரு நிலையங்களின் பெட்டிகளில் மட்டுமே பொருந்தும். வேறு பகுதியின் பெட்டியில் நுழையாது. புளூடூத்தில் 'பேரிங்' எனப்படுவதும் இத்தகையதே. முதன்முறை இணையும்போது இரண்டு கருவிகளும் தங்களுக்கென்று ஓர் இரகசியக் குறியை உண்டாக்கிச் சேமித்துக்கொள்கின்றன. பிறகு எப்போது சந்தித்தாலும் அக்குறியால் ஒன்றையொன்று அடையாளம் காணும். ஆகவே காதுக்கருவி ஒருநாள் பிணக்குக் கொண்டு இணைய மறுத்தால், மீண்டும் மீண்டும் 'கனெக்ட்' என்று தட்டுவதில் பயனில்லை. ஒருபுறக் குறி அழிந்திருக்கலாம். கணினியில் அக்கருவியின் பெயரை 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து நீக்கி, காதுக்கருவியின் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்து, 'ஆட் டிவைஸ்' வழியே புதிதாகப் பிணைக்க வேண்டும். திரையில் ஆறிலக்க எண் தோன்றி, எதிர்க் கருவியிலும் எண் தெரிந்தால், இரண்டும் ஒன்றேயா என்று பார்த்தபின்னரே சம்மதம் தருக. நீங்கள் கேளாதபோது இணையவா என்று எந்தக் கருவி கேட்டாலும் மறுத்துவிடுக.

காதுக்கருவி கணினியில் பேசாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கைப்பேசி அதனை முந்திக்கொண்டு பிடித்திருக்கும். அலமாரிமேல் கிடக்கும் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்தால் உடனே கணினிக்கு வந்துவிடும்.

ஊரில் உள்ள தாய் தந்தையரோடு முகம் பார்த்துப் பேசுவோர் கவனிக்க வேண்டியது இது. பாட்டுக் கேட்கும்போது தெளிவாக ஒலித்த அதே காதுக்கருவி, அழைப்புத் தொடங்கியவுடன் பழைய தொலைபேசி போலக் கரகரக்கிறது. கருவி கெடவில்லை. பழைய முறைப் புளூடூத்தில் கேட்பதற்கு மட்டும் ஒரு வழியும், பேசவும் கேட்கவும் சேர்ந்து வேறொரு வழியும் உண்டு. இரண்டாவது குறுகலானது. அழைப்புச் செயலியின் அமைப்பில் ஒலிவாங்கியாகக் கணினியின் சொந்த மைக்கையும், ஒலிபெருக்கியாகக் காதுக்கருவியையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் குரல் மீண்டும் தெளியும். காது மந்தமான முதியவர்கள் மறுமுனையில் இருக்கையில், அவர்கள் முணுமுணுப்பாகச் சொல்லும் ஒரு சொல்லையும் நாம் இழக்காமல் கேட்க இது உதவும்.

புளூடூத் நொடிக்கு 1,600 முறை அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பதால்தான் அந்த நெரிசலிலும் பிழைக்கிறது. இவ்வாறு தாவும் தத்துவத்துக்கு 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளை அவர்கள் எண்ணியிருந்தனர். நடிகையரைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் பேச்சுகளுக்கிடையே இதையும் சொல்லலாம்.

மவுஸ் மட்டும் தத்தித் தத்தி நகர்ந்தால் அதன் சிறு குமிழுக்குப் பக்கத்துத் துளையில் எதைச் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3 வகைக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டது. குமிழைக் கணினியின் மறுபக்கத்துத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

முடிவாக, விமான விசையும் சரியாக இருக்க, வை-ஃபை கட்டமே பலகையில் இல்லாமற் போனால் செய்ய வேண்டியது. முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் திறப்பது போதாது. விரைவாகத் திறக்கும் பொருட்டு விண்டோஸ் அப்போது தன் நினைவின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்கிறது, அதோடு கோளாறும் தங்கிவிடும். அதிலும் வராவிடில், வை-ஃபை அட்டைக்குரிய டிரைவர் என்னும் மென்பொருளை அக்கணினிக் கம்பெனியின் தளத்திலிருந்து மீண்டும் இறக்கி நிறுவ வேண்டியிருக்கும். இணையமே இல்லாதபோது எங்ஙனம் இறக்குவது என்று கேட்பீர்கள். கைப்பேசியை மின்னூட்டும் கம்பி இருக்கிறதல்லவா? அதனால் ஆண்ட்ராய்டு கைப்பேசியையும் கணினியையும் இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். வை-ஃபையும் வேண்டா, புளூடூத்தும் வேண்டா, கம்பி வழியே இணையம் வந்துவிடும். மின்னூட்ட மட்டுமே பயன்படும் மலிவுக் கம்பி இதற்கு உதவாது, தரவும் செல்லும் கம்பியாக இருத்தல் வேண்டும். கலந்தாய்வுப் பட்டியல் பூட்டும் நாளுக்கு முன்தினமே அக்கம்பியைக் கொண்டு ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையின் மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.

அடுத்த இதழில் நீர் சுத்திகரிக்கும் பெட்டியின் வடிகட்டிகளை எப்போது மாற்றுவது என்பதைப் பற்றி எழுதுவோம்.